ஒரு வன்தட்டு, இரண்டு மொழிகள்: கோப்பு வழங்கிகளின் கதை

பத்துக் கணினிகள் சேர்ந்திருக்கும் எந்த இடத்திலும், அது அலுவலகமோ கல்லூரி ஆய்வுக்கூடமோ, பொதுவாக ஒரு டிரைவ் இருக்கும். எல்லோரும் அதில் கோப்புகளைப் போடுவார்கள், எடுப்பார்கள். தன் கணினிக்குள்ளேயே இருக்கும் இன்னொரு வன்தட்டு போலத்தான் அது தெரியும். உண்மையில் அது வேறு அறையில், வேறு இயங்குதளத்தில் ஓடும் ஒரு வழங்கியின் வயிற்றுக்குள் இருக்கும். அந்த வழங்கியைப் பராமரிப்பவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. டிரைவ் திறக்காத அன்று மட்டும் எல்லோருக்கும் அவர் நினைவு வரும்!

அந்த டிரைவ் திறப்பதற்குப் பின்னால் நாற்பது வருடக் கதை ஒன்று இருக்கிறது. ஒரு மாணவரின் சில நாள் வேலை, ஐரோப்பிய நீதிமன்றம், மருத்துவமனைகளை முடக்கிய ஒரு வைரஸ் எல்லாம் அதில் வருகின்றன. வன்தட்டு எவ்வளவு பெரியது என்பது இந்தக் கதையில் முக்கியமே இல்லை. வன்தட்டை வைத்திருக்கும் கணினியோடு பேசும் மொழி யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியக்கூடாது என்பதுதான் தொடக்கம் முதல் இன்று வரை பிரச்சினை.

வன்தட்டு விலை அதிகமாக இருந்த காலம்

1980-களின் தொடக்கத்தில் வன்தட்டு ஆடம்பரப் பொருள். ஒவ்வொரு மேசைக்கும் ஒன்று வாங்கிக் கொடுக்க எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. ஒரு கணினியில் பெரிய வன்தட்டை வைத்து மற்றவர்கள் கம்பி வழியாக அதைப் பயன்படுத்தட்டும் என்ற எண்ணம் அந்தச் சிக்கனத்தில் பிறந்ததுதான்.

ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இதற்கு விடை கிடைத்தது. முதலாவது, ஐ.பி.எம். நிறுவனம். 1983 வாக்கில் அங்கே பணியாற்றிய பாரி ஃபைகன்பாம், டாஸ் இயங்குதளம் தன் சொந்த வன்தட்டிடம் கேட்கும் கேள்விகளை அப்படியே கம்பி வழியாக வேறு கணினியிடம் கேட்க ஒரு நெறிமுறை வகுத்தார். முதலில் தன் பெயரின் முதலெழுத்துகளையே அதற்குப் பெயராக வைத்தாராம். பிறகு அது எஸ்.எம்.பி. ஆனது. 1985-ல் வந்த டாஸ் 3.1 வலையமைப்பு டிரைவ்களைப் புரிந்துகொண்டது. மைக்ரோசாஃப்ட் அந்த நெறிமுறையை எடுத்து லேன் மேனேஜர் வழியாகவும் பின்னர் விண்டோஸ் வழியாகவும் வளர்த்தது.

இரண்டாவது, சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 1984-ல் யூனிக்ஸ் கணினிகளுக்காக அவர்கள் என்.எஃப்.எஸ். நெறிமுறையை உருவாக்கினார்கள். ஆனால் சன் ஒரு வித்தியாசமான காரியம் செய்தது. நெறிமுறையின் விவரங்களை மறைக்காமல் வெளியிட்டது. போட்டி நிறுவனங்களும் அதைத் தங்கள் கணினிகளில் எழுதிக்கொண்டன. 1989-ல் அது ஆர்.எஃப்.சி. 1094 என்ற எண்ணோடு பொது ஆவணமாகவே வந்துவிட்டது. யூனிக்ஸ் உலகில் என்.எஃப்.எஸ். அவ்வளவு வேகமாகப் பரவியதற்கு அதுவே பெரிய காரணம்.

எஸ்.எம்.பி.யின் நிலை வேறு. 'ரகசியம்' என்று யாரும் முத்திரை குத்தவில்லை. ஐ.பி.எம். கையேடுகளில் கொஞ்சம் இருந்தது, எக்ஸ்/ஓபன் அமைப்பு 1992-ல் ஒரு நூல் வெளியிட்டது. ஆனால் விண்டோஸின் ஒவ்வொரு புதிய பதிப்பிலும் மொழி கொஞ்சம் மாறியது. அந்த மாற்றங்கள் அச்சில் வரவில்லை. பழைய அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய பேச்சைப் புரிந்துகொள்ளப் பார்ப்பது போலத்தான்!

ஒத்துப்போகாத இரண்டு பேர்

இரண்டும் கோப்புப் பகிரும் நெறிமுறைகள்தானே, ஒரே வன்தட்டில் இரண்டையும் ஓடவிட்டால் என்ன என்று தோன்றலாம். அங்கேதான் வம்பு.

யூனிக்ஸ் உலகில் அனுமதி என்பது ஒன்பது சின்ன விளக்குகள் மாதிரி. உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று பேர். படிக்க, எழுத, இயக்க என்று மூன்று உரிமை. ஒவ்வொன்றும் எரியும், அல்லது அணைந்திருக்கும். விண்டோஸ் என்.டி. உலகில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். இவருக்குப் படிக்கலாம், அவருக்கு அழிக்கக்கூடாது, அந்தக் குழுவுக்குப் பெயர் மாற்றலாம் என்று வரி வரியாகப் போகும். ஒன்பது விளக்குகளில் அந்தப் பட்டியலை எப்படி அடைப்பது?

பூட்டுவதிலும் வேறுபாடு. டாஸிலிருந்து வந்த பழக்கப்படி, ஒருவர் ஒரு கோப்பைத் திறக்கும்போதே 'நான் முடிக்கும்வரை வேறு யாரும் எழுதக்கூடாது' என்று சொல்லலாம். வழங்கி அதை மீறவிடாது. யூனிக்ஸில் பூட்டு பெரும்பாலும் மரியாதையின் அடிப்படையில்தான். பூட்டு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் நிரல் ஒதுங்கி நிற்கும். கேட்காத நிரல் உள்ளே போய்விடும்.

பெயரில்கூடத் தகராறு உண்டு. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. ஆங்கிலத்தில் உண்டு. யூனிக்ஸுக்குப் பெரிய எழுத்தில் எழுதிய பெயரும் சின்ன எழுத்தில் எழுதிய பெயரும் இரண்டு வெவ்வேறு கோப்புகள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றே. யூனிக்ஸ்காரர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன இரண்டு கோப்புகளில், விண்டோஸ்காரர் எதைத் திறப்பார்?

யார் உள்ளே வருகிறார் என்பதிலும் அப்படித்தான். பழைய என்.எஃப்.எஸ்., வரும் கணினியை நம்பும். 'இவர் 501-ஆம் எண் பயனர்' என்று அந்தக் கணினி சொன்னால் சரி என்று எடுத்துக்கொள்ளும். எஸ்.எம்.பி. ஆளிடமே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும்.

ரொட்டி வாட்டும் பெட்டி

1992-ல் டேவிட் ஹிட்ஸ், ஜேம்ஸ் லாவ், மைக்கேல் மால்கம் மூவரும் நெட்ஆப் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் யோசனை எளிமையானது. ரொட்டி வாட்டும் டோஸ்டர் ஒரு வேலைதான் செய்யும், அதை நன்றாகச் செய்யும். கோப்பு வழங்கியும் அப்படி ஏன் இருக்கக்கூடாது? எல்லா வேலைக்கும் பொதுவான ஒரு கணினியை வாங்கிக் கோப்பு வழங்கியாக மாற்றுவதற்குப் பதிலாக, கோப்பு வழங்குவதற்கென்றே ஒரு பெட்டி. கம்பியைச் செருகி, சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஓட ஆரம்பித்துவிடும்.

அந்தப் பெட்டிக்குள் வாஃபிள் என்ற கோப்பு முறைமை இருந்தது. அது பழைய தரவின் மேல் எழுதாது. புதிய இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மட்டும் மாற்றும். இதனால் ஒரு நொடியில் முழு வன்தட்டையும் 'படம் பிடித்து' வைக்க முடிந்தது. தவறுதலாகக் கோப்பை அழித்தவர், நிர்வாகியைத் தேடி ஓடாமல் காலை எடுத்த படத்திலிருந்து தானே நகலெடுத்துக்கொள்ளலாம். காந்த நாடாவைத் தேடி எடுத்து மீட்டெடுத்துக்கொண்டிருந்த நிர்வாகிகளுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை.

முதல் பெட்டிகள் என்.எஃப்.எஸ். மட்டுமே பேசின. 1990-களின் பிற்பகுதியில் அலுவலகங்களில் விண்டோஸ் நிறைந்தபோது எஸ்.எம்.பி.யும் பேச வேண்டிய கட்டாயம் வந்தது. (1996-ல் மைக்ரோசாஃப்ட் அதற்கு சிஃப்ஸ் என்று புதுப்பெயர் வைத்திருந்தது.) அப்போது ஒரே பெட்டியில் இரண்டு மொழி. சேமிப்பகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் யூனிக்ஸ் பாணி, விண்டோஸ் பாணி, கலப்புப் பாணி என்று நிர்வாகி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கலப்புப் பாணியில் கடைசியாக அனுமதியை மாற்றியவர் எவரோ அவர் முறைதான் நிற்கும். இரு தரப்பையும் திருப்திப்படுத்தும் வழி என்று அதைத் தேர்ந்தெடுத்தால், யார் எப்போது எதை மாற்றினார் என்று தேடுவதே வேலையாகிவிடும்.

இந்தப் பெட்டிகள் நல்லவைதான். ஆனால் காசுள்ளவர்களுக்கு. பல்கலைக்கழகத் துறைகளும் பள்ளிகளும் சின்ன அலுவலகங்களும் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கான விடை ஆஸ்திரேலியாவில் தற்செயலாகப் பிறந்தது.

கான்பெராவில் ஒரு மாணவர்

1991 டிசம்பர். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். தன் மேசைக் கணினியில் டிஜிட்டல் நிறுவனத்தின் ஒரு மென்பொருளை ஓட்டிப் பார்க்க விரும்பினார். அதற்கு அதே நிறுவனத்தின் பாத்வொர்க்ஸ் வலையமைப்பு வேண்டும். பாத்வொர்க்ஸைப் போட்டால், அதுவரை என்.எஃப்.எஸ். வழியாகத் துறையின் சன் கணினிகளில் இருந்து எடுத்துவந்த கோப்புகள் கிடைக்காது. இரண்டும் வேண்டுமென்றால் சன் கணினியும் பாத்வொர்க்ஸ் மொழி பேச வேண்டும். அப்படிப் பேசவைக்கும் மென்பொருள் அவர் கையில் இல்லை.

அவர் என்ன செய்தார்? கம்பியில் ஒட்டுக்கேட்டார்! மேசைக் கணினிக்கும் உண்மையான பாத்வொர்க்ஸ் வழங்கிக்கும் இடையே ஓடிய பொதிகளைப் பிடித்துப் பார்க்க ஒரு நிரல் எழுதினார். இந்தக் கேள்விக்கு வழங்கி இந்தப் பதில் தருகிறது, கோப்பு இல்லையென்றால் இந்த எண் வருகிறது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு அதே பதில்களைத் தரும் ஒரு நிரலை யூனிக்ஸில் எழுதினார். மேசைக் கணினிக்கு வித்தியாசம் தெரியவில்லை.

மொழி தெரியாத ஊரில் உணவகத்தில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னால் என்ன பரிமாறுகிறார்கள் என்று பார்த்தே அந்த மொழியைக் கற்றுக்கொள்வது போன்றது இது என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் யாருடைய நிரலையும் திறந்து பார்க்கவில்லை, நகலெடுக்கவுமில்லை. வெளியே கேட்ட உரையாடலை மட்டும் கவனித்தார். இந்த வேறுபாடு பதினைந்து வருடம் கழித்து நீதிமன்றத்தில் முக்கியமாகப் போகிறது.

1992 ஜனவரி முதல் பாதியிலேயே மூன்று பதிப்புகள் வெளிவந்தன. அப்போது அந்த மென்பொருளுக்குப் பெயர்கூட இல்லை. பிறகு ட்ரிட்ஜெல் தன் ஆய்வுக்குத் திரும்பிவிட்டார். ஏறத்தாழ இரண்டு வருடம் கழித்து, மனைவியின் விண்டோஸ் கணினியைத் தன் லினக்ஸ் கணினியோடு இணைக்க வேண்டியிருந்தபோது அந்தப் பழைய நிரலை எடுத்துப் போட்டார். அது வேலை செய்தது. அவருக்கே ஆச்சரியம். பாத்வொர்க்ஸ் பேசியதும் விண்டோஸ் பேசியதும் அடிப்படையில் ஒரே மொழிதான், அதற்கு ஓரளவு ஆவணங்களும் உண்டு என்பதெல்லாம் பிறகுதான் தெரியவந்தது.

1993 டிசம்பரில் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்ற நிபந்தனையோடு புதிய பதிப்பு வந்தது. சில காலத்தில் அதன் பெயர் எஸ்எம்பி சர்வர் என்றானது. ஆனால் அந்தப் பெயருக்கு வேறொரு நிறுவனம் வணிகக்குறி வைத்திருந்தது, அறிவிப்பு வந்தது. ட்ரிட்ஜெல் தன் யூனிக்ஸ் கணினியில் இருந்த அகராதிக் கோப்பில் எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடச் சொன்னார். வந்த பட்டியலில் ஒன்று பிரேசில் நடனத்தின் பெயர். அப்படித்தான் சாம்பா பிறந்தது.

நிர்வாகியின் அன்றாடம்

சாம்பா பரவியதற்குக் காரணம் இலவசம் என்பது மட்டுமல்ல. வழங்கியின் நடத்தை முழுவதும் ஒரே ஓர் உரைக்கோப்பில் இருந்தது. எந்தக் கோப்புறையைப் பகிர்வது, யாருக்கு எழுத உரிமை, புதுக் கோப்புக்கு என்ன அனுமதி, எல்லாம் வரி வரியாக. 'ஹோம்ஸ்' என்று ஒரு தலைப்பு எழுதினால் போதும்; ஆயிரம் மாணவர் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் கோப்புறை தானாகத் தெரியும். ஒரு கோப்பை நகலெடுத்து அடுத்த ஊர்க் கல்லூரிக்கு அனுப்பினால் அவர்களுக்கும் அதே வழங்கி தயார்.

1998-ல் கோபால்ட் நிறுவனம் நீல நிறத்தில் கைக்கடக்கமான ஒரு சதுரப்பெட்டியை விற்றது. உள்ளே லினக்ஸும் சாம்பாவும். பெரிய நிறுவனங்களின் சேமிப்பகம் செய்த வேலையைச் சின்ன அலுவலகத்துக்குச் செய்தது. இன்று வீட்டில் வைக்கும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுக்கும் அதுவே முன்னோடி.

ஆனால் இரண்டு மொழிகளுக்கு நடுவில் நிற்பவருக்கு நிம்மதி ஏது? 1997-ல் விண்டோஸ் என்.டி. 4.0-இன் மூன்றாவது சேவைத் தொகுப்பு வந்தது. கடவுச்சொல்லை மறையாக்கம் செய்யாமல் அனுப்ப அது மறுத்தது. பாதுகாப்புக்கு அது நல்ல மாற்றம்தான். ஆனால் விண்டோஸ் மறையாக்கும் முறை வேறு, யூனிக்ஸ் தன் கடவுச்சொல் கோப்பில் வைத்திருக்கும் முறை வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட முடியாது. எனவே சாம்பாவுக்கென்று தனிக் கடவுச்சொல் கோப்பு வைக்க வேண்டியதாயிற்று. ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் கடவுச்சொல். ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்தவர்கள் எல்லோரும் நிர்வாகி அறை வாசலில்!

இன்னொரு தலைவலி, சந்தர்ப்பப் பூட்டு. ஒரு கோப்பை ஒரே ஒருவர் மட்டும் திறந்திருந்தால், 'இப்போதைக்கு இது உன்னுடையது, உன் கணினியிலேயே வைத்து வேலை செய், வேறு யாராவது கேட்டால் சொல்லி அனுப்புகிறேன்' என்று எஸ்.எம்.பி. வழங்கி அனுமதி தரும். வேகம் கூடும். ஆனால் அதே கோப்பை இன்னொருவர் என்.எஃப்.எஸ். வழியாகத் திறந்தால்? சாம்பாவுக்கு அது தெரியவே வராது. அவர் பழைய பிரதியைப் படிப்பார். இவர் புதியதை எழுதுவார். இதற்காகவே இயங்குதளத்தின் கருவே பூட்டை அறியும்படி ஐரிக்ஸிலும் லினக்ஸிலும் வசதி செய்தார்கள். அந்த வசதி இல்லாத இடத்தில், இரண்டு வழியிலும் திறக்கும் கோப்புறைகளுக்குச் சந்தர்ப்பப் பூட்டையே நிறுத்திவைப்பதுதான் நல்லது. வேகம் குறையும், கோப்பு பிழைக்கும்.

தமிழுக்கும் இதில் ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. பழைய சாம்பா, கோப்புப் பெயர்களை டாஸ் காலத்துக் குறிமுறைப் பக்கங்களில் அனுப்பியது. மேற்கு ஐரோப்பாவுக்கு ஒரு பக்கம், ஜப்பானுக்கு ஒரு பக்கம். விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு பக்கமே கிடையாது. விண்டோஸ் 2000-ல் தமிழ் நுழைந்ததே யூனிகோட் வழியாகத்தான். ஆகவே தமிழில் பெயரிட்ட கோப்பு சாம்பா வழங்கியில் முறையாகப் போய்ச் சேர, 2003 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பின் யூனிகோட் ஆதரவு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நீதிமன்றத்தில் ஒரு மொழி

2000-ல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் டைரக்டரியைக் கொண்டுவந்தது. இனிக் கோப்பைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. யார் யார் பயனர், எந்தக் குழு, எந்த உரிமை என்பதெல்லாம் மையமான ஒரு வழங்கியில். அதோடு பேசத் தெரியாத சேமிப்பகம் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். கம்பியில் கேட்டுக் கற்பது இப்போது பல மடங்கு கடினம், ஏனென்றால் உரையாடலில் பெரும்பகுதி மறையாக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 1998-ல், தன் சோலாரிஸ் கணினிகள் விண்டோஸோடு இணைந்து இயங்கத் தேவையான தகவலைத் தருமாறு சன் கேட்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் மறுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சன் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. 2004 மார்ச் 24 அன்று ஆணையம் தீர்ப்பளித்தது: 49.7 கோடி யூரோ அபராதம், அதோடு வழங்கிகள் தங்களுக்குள் பேசும் நெறிமுறைகளைப் போட்டியாளர்களுக்குத் தர வேண்டும். மைக்ரோசாஃப்ட் மேல்முறையீடு செய்தது.

அதன்பிறகு நடந்தது சுவாரசியம். புகார் கொடுத்த சன்னே 2004 ஏப்ரலில் ஏறத்தாழ 195 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. நவம்பரில் நோவெல் 53.6 கோடி டாலருக்கு விலகியது. பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது, கடைசிவரை நின்றவர்களில் ஐரோப்பியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் அதன் பக்கம் நின்ற சாம்பா குழுவும் உண்டு. 2006 ஏப்ரலில் லக்சம்பர்க்கில் நடந்த விசாரணையில், அன்று கான்பெராவில் கம்பியில் ஒட்டுக்கேட்ட அதே ட்ரிட்ஜெல், நீதிபதிகள் முன் நெறிமுறை என்றால் என்ன என்று விளக்கினார். மொழியின் இலக்கணத்தைக் கேட்கிறோம், உங்கள் நூலை அல்ல என்பதுதான் அந்தத் தரப்பு வாதத்தின் சாரம்.

2007 செப்டம்பர் 17 அன்று நீதிமன்றம் ஆணையத்தின் தீர்ப்பின் முக்கியப் பகுதிகளை உறுதிசெய்தது. ஆனாலும் ஒரு முள் மிச்சமிருந்தது. விற்பனைக்கு ஏற்ப உரிமக் கட்டணம் என்றால் இலவசமாகத் தரும் சாம்பா எதைக் கொடுக்கும்? அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் இறங்கிவந்தது: ஒரே முறை 10,000 யூரோ. டிசம்பர் 20 அன்று, இதற்கென்றே அமைத்த ஓர் அறக்கட்டளை வழியாக சாம்பா குழு அந்தத் தொகையைச் செலுத்தி ஆவணங்களைப் பெற்றது. ஆவணத்தை வெளியிடக்கூடாது, ஆனால் அதைப் படித்து எழுதும் நிரலை வெளியிடலாம் என்பது ஏற்பாடு. அடுத்த இரண்டு மாதத்தில், 2008 பிப்ரவரியில், மைக்ரோசாஃப்ட் 30,000 பக்கத்துக்கு மேல் ஆவணங்களைத் தன் தளத்திலேயே எல்லோருக்கும் திறந்துவைத்தது.

பலன் உடனே வரவில்லை. ஆக்டிவ் டைரக்டரியின் மைய வழங்கியாகவே இயங்கக்கூடிய சாம்பா 4.0 வெளிவந்தது 2012 டிசம்பரில்தான். எதிலும் ஒரு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2008-ல் சாம்பா ஜி.பி.எல். மூன்றாம் பதிப்புக்கு மாறியது. அதன் நிபந்தனைகள் கடுமையானவை. 2011-ல் வந்த மேக் ஓ.எஸ். லயனில் ஆப்பிள் சாம்பாவை எடுத்துவிட்டுத் தானே எழுதிய மாற்றைப் போட்டுக்கொண்டது.

பழைய மொழியை விட மனமில்லாதவர்கள்

மொழியைப் பூட்டிவைத்தது ஒரு பிரச்சினை என்றால், பழைய மொழியை விடாமல் பேசிக்கொண்டிருந்தது அடுத்த பிரச்சினை. 1983-ல் தொடங்கிய எஸ்.எம்.பி. இருபது வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளாக ஊதிப்போயிருந்தது. விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பு அதைப் பத்தொன்பதாகக் குறைத்தது. 2012-ல் வந்த மூன்றாம் பதிப்பு தரவையே மறையாக்கம் செய்யும் வசதியைத் தந்தது.

ஆனால் அலுவலகத்தில் ஒரு பழைய ஸ்கேனர் இருக்கும். அல்லது ஒரு பழைய சேமிப்புப் பெட்டி. அதற்கு முதல் பதிப்பு மட்டுமே தெரியும். அந்த ஒன்றுக்காக வலையமைப்பு முழுவதிலும் முதல் பதிப்பு திறந்தே இருக்கும். 2016 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டின் எஸ்.எம்.பி. பிரிவைச் சேர்ந்த நெட் பைல், முதல் பதிப்பை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். எத்தனை பேர் கேட்டார்கள்?

2017 மார்ச் 14 அன்று, முதல் பதிப்பில் இருந்த கடுமையான ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று, அதே ஓட்டையைப் பயன்படுத்தும் அமெரிக்க உளவு அமைப்பின் கருவியை ஒரு குழு இணையத்தில் கசியவிட்டது. மே 12 அன்று வானாக்ரை வந்தது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. கணினியிலிருந்து கணினிக்குத் தானே தாவி, கோப்புகளை மறையாக்கிப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறையில் மூன்றில் ஒரு பங்கு அறக்கட்டளைகள் பாதிக்கப்பட்டன. 6,912 மருத்துவச் சந்திப்புகள் ரத்தானது உறுதியாயிற்று. மொத்தம் 19,000-க்கு மேல் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அறுவை சிகிச்சைகளும் அதில் அடக்கம். திருத்தம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது என்பதுதான் வேதனை.

சாம்பாவும் தப்பவில்லை. அதே மே மாதம் 24 அன்று, 2010-ல் வந்த 3.5 பதிப்பிலிருந்தே இருந்த ஓர் ஓட்டை வெளியானது. எழுத உரிமையுள்ள ஒரு பகிர்வு இருந்தால் போதும், அதில் ஒரு நிரலைப் போட்டு வழங்கியையே இயக்கவைக்கலாம். ஏழு வருடம் எல்லோர் கண்முன்னும் திறந்துகிடந்த மூலநிரலில் இருந்த ஓட்டை அது! தற்காலிகத் தீர்வு அந்த உரைக்கோப்பில் ஒரே ஒரு வரி. ஆனால் வீட்டில் பரணில் உட்கார்ந்திருக்கும் சேமிப்புப் பெட்டிக்குள் அந்த வரியை யார் போய் எழுதுவது? பெட்டியை விற்ற நிறுவனம் புதுப்பிப்பு தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. டோஸ்டர் போல எளிமையாக இருக்க வேண்டும் என்ற கனவின் மறுபக்கம் இது. டோஸ்டரை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

2017 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து முதல் எஸ்.எம்.பி. பெரும்பாலும் இயல்பாக நிறுவப்படுவதில்லை. 2019 செப்டம்பரில் சாம்பா 4.11-ம் அதை இயல்பாக அணைத்துவிட்டது. 1983-ல் பிறந்த பேச்சு ஓய்வுபெற 36 வருடம் ஆனது.

என்ன தெரிகிறது?

இந்தக் கதையில் வன்தட்டின் கொள்ளளவு மெகாபைட்டிலிருந்து டெராபைட்டுக்குப் போய்விட்டது. நிர்வாகியின் கேள்விகள் மட்டும் மாறவேயில்லை. உள்ளே வருவது யார்? அவருக்கு எந்த உரிமை? ஒரே நேரத்தில் இருவர் எழுதினால் யார் சொல் நிற்கும்? இவற்றுக்குப் பதில் சொல்லும் மொழி யாருக்கும் தெரியாமல் இருந்தால், வன்தட்டு உங்களுடையதாக இருந்தாலும் அதன் சாவி வேறொருவர் கையில்தான். மொழியைத் திறக்கவைக்க ஒரு மாணவரின் ஒட்டுக்கேட்டலில் தொடங்கி ஒன்பது வருட வழக்கு வரை தேவைப்பட்டது.

திறந்த பிறகு பொறுப்பு கைமாறுகிறது. மொழி தெரியாது என்று இனி யாரையும் குறை சொல்ல முடியாது. எந்தப் பதிப்பை அனுமதிப்பது, எந்தப் பழைய பெட்டியை ஓய்வுக்கு அனுப்புவது, வந்த திருத்தத்தை எப்போது போடுவது என்ற முடிவுகள் வழங்கியைப் பராமரிப்பவருடையவை. அந்தப் பழைய ஸ்கேனருக்காகக் கதவைத் திறந்து வைக்கலாமா என்று யோசிக்கும்போது, 2017 மே மாதம் அறுவை சிகிச்சைக்குத் தயாராகி வந்து திரும்பிப் போனவர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.